யார் பெற்ற பிள்ளைகள்?

1620-ல் மேஃப்ளவர் கப்பலில் நான்கு குழந்தைகள் பெற்றோர் இல்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் பூர்வீகத்துக்கான ஆதாரம் 339 ஆண்டுகள் கழித்து ஒரு பழைய மாளிகையின் பரணில் கிடைத்தது. கூடவே ஒரு தாயின் வழக்கும் வெளியே வந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் சேலத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. 1692-ல் சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டுக் கெட்ட பெயர் வாங்கிய கடலோர ஊர் அது. அங்கே சார்ட்டர் தெருவில் இருக்கும் பழைய இடுகாட்டில் கேப்டன் ரிச்சர்ட் மோர் என்பவரின் கல்லறைக் கல் நிற்கிறது. மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பயணிகளில், நட்ட இடத்திலேயே இன்றும் கல் நிற்பது இவர் ஒருவருக்குத்தான் என்கிறார்கள்.

ஆனால் அந்தக் கல் சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. 1692-ல், தன் 84-வது வயதில் இறந்தார் என்கிறது கல். 1694-லும் அவர் உயிரோடு இருந்ததற்குப் பத்திரச் சான்று உண்டு. அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது 1614-ல் என்பதால் 84 வயது என்பதும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. இறந்த ஆண்டும், மேஃப்ளவரில் வந்தவர் என்ற பெருமையும் பிற்காலத்தில் யாரோ வெட்டிச் சேர்த்தவை. கல்லில் வெட்டியதே இப்படி என்றால், காகிதத்தில் எழுதியதை எவ்வளவு ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும்! ரிச்சர்ட் மோரின் பூர்வீகத்தைத் தேடிப் போனவர்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்.

குலப் பெருமையும் கள்ள வம்சாவளியும்

அமெரிக்கர்களுக்கு மேஃப்ளவர் வெறும் கப்பல் அல்ல. கிட்டத்தட்ட ஒரு கோத்திரம். அதில் வந்தவர்களின் வாரிசுகளுக்காக 1897-ல் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. அதில் உறுப்பினராவது லேசல்ல. நம்மிலிருந்து தொடங்கி அந்தக் கப்பல் பயணிவரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புக்குச் சான்று காட்ட வேண்டும். இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் விண்ணப்பம் நிற்காது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. பணம் படைத்த அமெரிக்கர்களுக்குப் பழைய இங்கிலாந்தில் ஒரு மாளிகையும் ஒரு கேடயச் சின்னமும் தேவைப்பட்டன. தேவை இருந்தால் சரக்கும் வரும். கஸ்டவ் அன்ஜூ என்பவர் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, பெரும் கட்டணம் வாங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். உண்மையான உயில்களுக்கும் பதிவேடுகளுக்கும் நடுவே, தேவையான இடத்தில் ஒரு கற்பனைத் தகப்பனைச் செருகிவிடுவது அவர் பாணி. அவர் விதைத்த பொய்களை இன்னும் களையெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேர்மையாகத் தேடுபவர்களுக்கு இருக்கும் முதல் துணை, தேவாலயப் பதிவேடுகள். இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று 1538-ல் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டார். போன இடமெல்லாம் ஆங்கிலேயர்கள் இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். சென்னை கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1680-ல் திறக்கப்பட்டதும் அங்கே நடந்த முதல் திருமணம், பிற்பாடு கவர்னரான எலைஹூ யேலுடையது. அவரும் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர்தான்.

நம் நாட்டிலும் இதற்குச் சமமான ஒன்று உண்டு. ஹரித்வார் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் ‘பஹி’ நோட்டுகளில் வட இந்தியக் குடும்பங்களின் வம்சாவளி இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வந்த வம்சாவளிச் சங்கத்தினர் அவற்றையும் மைக்ரோஃபிலிம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் எந்தப் பதிவேடும் பெயரையும் தேதியையும்தான் சொல்லும். ஏன் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. ரிச்சர்ட் மோர் விஷயத்தில் எல்லோரையும் குடைந்தது அந்தக் கேள்விதான்.

துணையில்லாத நான்கு பேர்

மேஃப்ளவர் பயணிகளின் பட்டியலை நமக்கு விட்டுச் சென்றவர் பிளிமத் குடியேற்றத்தின் கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்ட். அவருடைய கையெழுத்துப் பிரதி பல காலம் காணாமல் போயிருந்தது. 1855-ல் லண்டனில், ஃபுல்ஹாம் அரண்மனையில் உள்ள பிஷப்பின் நூலகத்தில் அது இருப்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டே அச்சானது.

அந்தப் பட்டியலில் மோர் என்ற பெயரோடு குழந்தைகள் இருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் மட்டும் இல்லை. ஜாஸ்பர் என்ற பையன் ஜான் கார்வர் வீட்டில். எல்லன் என்ற பெண் எட்வர்ட் வின்ஸ்லோ வீட்டில். ரிச்சர்டும் அவனுடைய சகோதரன் ஒருவனும் வில்லியம் புரூஸ்டர் வீட்டில். இந்த நான்காவது குழந்தை விஷயத்தில் பிராட்ஃபோர்டின் ஞாபகம் பிசகிவிட்டது. அது பையன் அல்ல, மேரி என்ற சிறுமி. சுமார் 30 ஆண்டுகள் கழித்து எழுதிய பட்டியல் அது.

யார் இந்தக் குழந்தைகள்? லண்டன் தெருக்களில் பிடித்த அநாதைகளாக இருக்கலாம் என்பது ஊகம். ஆதாரமில்லாத ஊகம் என்றும் சொல்ல முடியாது. மேஃப்ளவர் புறப்படுவதற்கு முந்தைய ஆண்டில்தான் லண்டன் நகரம் தன் ஏழைக் குழந்தைகளில் 100 பேரை வர்ஜீனியாவுக்கு ஏற்றுமதி செய்திருந்தது. பிச்சைக்காரத் தொல்லை ஒழியும், அங்கே கூலிக்கும் ஆள் கிடைக்கும் என்பது கணக்கு.

ஆனால் ரிச்சர்டே ஒரு நூல் முனையை விட்டுவைத்திருந்தார். 1684-ல், சுமார் 70 வயதில், ஒரு வழக்கில் சாட்சி சொன்னபோது, 1620-ல் தான் லண்டனில் தாமஸ் வெஸ்டன் என்ற இரும்பு வியாபாரியின் வீட்டில் இருந்ததாகவும், அங்கிருந்துதான் கப்பலேற்றப்பட்டதாகவும் அவர் குறிப்பிட்டார். வெஸ்டன் சாதாரண வியாபாரி அல்ல. மேஃப்ளவர் பயணத்துக்கு முதல் திரட்டிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். தெருவில் திரிந்த அநாதை, முதலாளி வீட்டில் தங்கியது எப்படி?

இரண்டாவது துப்பு, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் இருக்கும் ஷிப்டன் என்ற சிற்றூரின் தேவாலயப் பதிவேட்டில் கிடைத்தது. எல்லன், மே 1612. ஜாஸ்பர், ஆகஸ்ட் 1613. ரிச்சர்ட், நவம்பர் 1614. மேரி, ஏப்ரல் 1616. நான்கும் மோர் குடும்பத்துக் குழந்தைகளின் ஞானஸ்நானங்கள். பெயர் பொருந்தியது, வயது பொருந்தியது. ஆனால் இந்தக் குழந்தைகளின் தகப்பனார் என்று பதிவான சாமுவேல் மோர், நிலபுலன் உள்ள பெரிய வீட்டுப் பிள்ளை. அப்படிப்பட்டவரின் குழந்தைகள், அதிலும் மூத்த மகன் உள்பட, ஒரு கப்பலில் வேலைக்காரச் சிறுவர்களாக ஏற்றப்படுவார்களா? இந்த இடத்தில்தான் ஆராய்ச்சி திணறியது.

பரணில் கிடந்த பதில்

1959-ல் விடை கிடைத்தது. சாமுவேல் மோரின் சந்ததியில் வந்த ஜாஸ்பர் மோர் அப்போது ஷ்ராப்ஷயரில் குடும்ப மாளிகையில் வசித்துவந்தார். பின்னாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானவர். அவருடைய நண்பர் அந்தனி வாக்னர், லண்டனில் வம்சாவளிகளையும் கேடயச் சின்னங்களையும் பராமரிக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் அலுவலகத்தைச் சேர்ந்தவர். அவர் தூண்டுதலால் ஜாஸ்பர் மோர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய காகிதங்களைக் குடைந்தார். கையில் சிக்கியது 1622-ம் ஆண்டின் ஒரு வாக்குமூலம். எழுதியவர் சாமுவேல் மோர். பிள்ளைகளை என்ன செய்தாய் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது.

கதை ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது. லார்டன் பண்ணையின் சொந்தக்காரருக்கு ஆண் வாரிசுகள் இறந்துபோயினர். மகள் கேத்தரின் இருந்தார். சொத்து வேறு குடும்பத்துக்குப் போய்விடக் கூடாது. எனவே லின்லியில் இருந்த உறவுக்காரர் வீட்டுப் பையன் சாமுவேலைக் கேத்தரினுக்குக் கட்டிவைத்தார்கள். 1611 பிப்ரவரியில் ஷிப்டனில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 17 வயது. பெண் அவரைவிடப் பல வயது மூத்தவர். நிலத்துக்காக உறவுக்குள் முடிச்சுப் போடுவது நமக்கொன்றும் புதிதல்ல.

ஐந்தே ஆண்டுகளில் நான்கு குழந்தைகள். சாமுவேல் பெரும்பாலும் ஊரில் இல்லை. பிரிவி கவுன்சில் உறுப்பினரும் வர்ஜீனியா கம்பெனியில் பங்குடையவருமான ஸூஷ் பிரபுவிடம் செயலாளராக இருந்தார். இதற்கிடையில் ஜேக்கப் பிளேக்வே என்ற குத்தகைக்காரருக்கும் கேத்தரினுக்கும் உறவு இருப்பதாகச் சாமுவேல் முடிவு செய்தார். குழந்தைகளின் முகஜாடை பிளேக்வேயின் ஜாடையாக இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 1616 ஏப்ரலில் கடைசிக் குழந்தை மேரிக்கு ஞானஸ்நானம் நடந்தது. அதே மாதத்தில், லார்டன் சொத்து இந்தக் குழந்தைகள் யாருக்கும் போகாதபடி பத்திரம் எழுதினார். பிறகு நால்வரையும் தாயிடமிருந்து பிரித்து, தன் தகப்பனாரின் குத்தகைக்காரர் ஒருவர் வீட்டில் வைத்தார்.

கேத்தரின் என்ன சொன்னார்? சாமுவேலின் காகிதத்தின்படி, பிளேக்வேயுடனான உறவை அவர் மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவருக்கும் தனக்கும் நிச்சயமாகியிருந்தது, சாட்சி காட்ட முடியாவிட்டாலும் கடவுள் முன்னால் அதுவே திருமணம் என்று வாதாடினாராம். அன்றைய இங்கிலாந்தில் இது வெறும் சாக்கு அல்ல. முறையான நிச்சயத்துக்குச் சாட்சி இருந்தால் பின்னால் நடந்த கல்யாணமே செல்லாமல் போகும். சாட்சி இல்லாததால் வாதம் தோற்றது.

குழந்தைகள் இருந்த வீட்டுக்கு அவர் அடிக்கடி வந்தார், கத்தினார், பிள்ளைகளின் உடைகளைப் பிடித்து இழுத்துக் கிழித்தார் என்று சாமுவேல் எழுதியிருக்கிறார். மனைவியின் மூர்க்கத்துக்கு ஆதாரமாக அவர் எழுதி வைத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் பரிதவிப்பாக நாம் இன்று அதைப் படிக்கலாம்.

நூறு பவுண்டு, ஐம்பது ஏக்கர்

வழக்கு தேவாலய நீதிமன்றங்களில் ஏறி இறங்கியது. கேத்தரின் விடவில்லை, மேல்முறையீட்டுக்கு மேல் முறையீடு. 1620 ஜூலையில் அவருடைய கடைசி முறையீடும் தள்ளுபடியாயிற்று. அந்தத் தடை நீங்கியதுமே குழந்தைகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். வெஸ்டன் வீட்டில் தங்கவைக்கப்பட்டார்கள். ரிச்சர்டின் முதுமைக்கால நினைவு இங்கே வந்து பொருந்துகிறது.

ஒப்பந்தம் தெளிவாக இருந்தது. சாமுவேல் தரப்பு 100 பவுண்டு கொடுத்தது. குழந்தைகளை வர்ஜீனியாவுக்கு அழைத்துச் சென்று, ஏழு ஆண்டுகள் உணவும் உடையும் இருப்பிடமும் தந்து வைத்திருக்க வேண்டும். அதன் முடிவில் தலைக்கு 50 ஏக்கர் நிலம். இந்த ஊரில் வளர்ந்தால் அவர்கள்மேல் பழிச்சொல் விழும், அதனால்தான் தொலைவில் அனுப்பினேன் என்று சாமுவேல் சமாதானம் சொன்னார். காகிதத்தில் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. கப்பலில் ஏறியபோது எல்லனுக்கு வயது 8. ஜாஸ்பருக்கு 7. ரிச்சர்டுக்கு 5. மேரிக்கு 4.

செப்டம்பர் 6 அன்று இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட மேஃப்ளவர், வர்ஜீனியாவின் வட எல்லையை அடைய வேண்டியது. நவம்பரில் கேப் காட் முனையில் நங்கூரம் போட்டது. கடும் குளிர், கப்பலே வீடு. டிசம்பர் 6 அன்று ஜாஸ்பர் இறந்தான். அந்தக் குளிர்காலத்திலேயே எல்லனும் மேரியும் போய்விட்டார்கள். வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொண்டுபோன காலம் அது.

1622-ல் கேத்தரின், தலைமை நீதிபதி ஜேம்ஸ் லேயிடம் மனு கொடுத்தார். அந்த மனுவுக்குப் பதிலாக எழுதப்பட்டதுதான் பரணில் கிடைத்த வாக்குமூலம். தாய் நீதி கேட்டு வந்தபோது, நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் இறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

சாமுவேல் 1625-ல் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையில் சேர்ந்து, 1644-ல் ஹாப்டன் கோட்டை முற்றுகையில் தன் வீரர்கள் கொல்லப்பட்டபோது தான் மட்டும் உயிர் தப்பினார். அவர் வரலாற்றில் இடம் பெற்றார். கேத்தரினுக்கோ, தன்மேல் குற்றம் சாட்டியவர் எழுதிய காகிதத்தில்தான் இடம் கிடைத்தது.

இரண்டு கரையிலும் ஒரு மனைவி

தப்பிப் பிழைத்தவன் ரிச்சர்ட் மட்டும். புரூஸ்டர் வீட்டில் வளர்ந்தான். 1636-ல் பிளிமத்தில் கிறிஸ்டியன் ஹன்டர் என்ற பெண்ணை மணந்தான். பிறகு சேலத்துக்குக் குடிபெயர்ந்து மாலுமியானான், கேப்டனானான். இங்கிலாந்து, வர்ஜீனியா, மேற்கிந்தியத் தீவுகள் என்று சரக்குக் கப்பல் ஓட்டினான்.

பூர்வீகம் தேடுபவர்கள் எதைத் தேடுகிறார்களோ அது மட்டுமா கிடைக்கிறது? லண்டனில் ஸ்டெப்னி பகுதியின் செயின்ட் டன்ஸ்டன் தேவாலயப் பதிவேட்டில், 1645 அக்டோபரில் எலிசபெத் வுல்னோ என்ற பெண்ணுக்கு நடந்த திருமணம் பதிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை, நியூ இங்கிலாந்தின் சேலத்தைச் சேர்ந்த மாலுமி ரிச்சர்ட் மோர்! சேலத்தில் மனைவி கிறிஸ்டியன் அப்போது நலமாக இருந்தார். அவர் இறந்தது 1676-ல். ஒரு மனைவி இருக்க இன்னொருத்தியை மணப்பது இங்கிலாந்தில் 1604-ம் ஆண்டுச் சட்டப்படி கொடுங்குற்றம். வெளியே தெரிந்திருந்தால் கழுத்துக்கே கயிறு வந்திருக்கும். 1688-ல், எழுபது தாண்டிய வயதில், வேறொருவர் மனைவியுடன் உறவு வைத்ததற்காகச் சேலம் சபை அவரை விலக்கிவைத்தது. பிறகு அவர் மனம் வருந்தியதும் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

தாயின்மேல் சுமத்தப்பட்ட அதே குற்றத்துக்காக மகன் தண்டிக்கப்பட்டார் என்று எழுதினால் கதை அழகாக முடியும். ரத்தம் பேசுகிறது என்று சொல்லவும் ஆளிருக்கும். ஆனால் ஐந்து வயதில் தாயையும், ஆறு மாதத்துக்குள் கூடப்பிறந்த மூன்று பேரையும் இழந்த குழந்தையின் வாழ்க்கைக்கு, ரத்தத்தைத் தவிர வேறு காரணங்களும் இருக்கக்கூடும்.

எந்த வழி ராஜ வழி?

மோர் குழந்தைகளின் மேல் அமெரிக்கர்களுக்கு இன்னொரு மோகமும் உண்டு. கேத்தரினின் முன்னோர்களைப் பின்தொடர்ந்து போனால் இடைக்கால அரச குடும்பங்களில் போய் நிற்கிறது. மேஃப்ளவர் பயணிகளில் அரச வம்சத் தொடர்பு ஆவணங்களோடு நிறுவப்பட்டது இந்தக் குழந்தைகளுக்குத்தான். ரிச்சர்டின் வாரிசுகள் என்று நிரூபிப்பவர்கள் மன்னர்களையும் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ராஜ பாதை தாய் வழியாகப் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. தகப்பன் சாமுவேலா, பிளேக்வேயா என்ற சந்தேகம் அதைத் தொடவே தொடாது. இன்னொன்றும் உண்டு. கேத்தரின் கல்யாணத்தால் மோர் ஆனவர் அல்ல, பிறப்பிலேயே மோர். யார் பெற்ற பிள்ளைகள் என்று கணவர் எத்தனை கேள்வி கேட்டிருந்தாலும், லார்டன் மோர் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் அவர்கள் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. லார்டன் சொத்தும் கேத்தரினின் தகப்பனார் வழி வந்ததுதான். சந்தேகம் கணவருக்கு, இழப்பு முழுக்கத் தாயின் வாரிசுகளுக்கு.

ஷிப்டன் தேவாலயத்தில் இப்போது அந்த நான்கு குழந்தைகளுக்கும் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. மேஃப்ளவர் வாரிசுகளின் சங்கம் வைத்தது. ஞானஸ்நானம் நடந்த இடத்துக்கே பெயர்கள் திரும்பி வந்திருக்கின்றன.

வம்சாவளி தேடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, நாம் யாருடைய சந்ததி என்ற கேள்வியை. கல்லையும் பதிவேட்டையும் பத்திரத்தையும் வைத்து அதற்குப் பதில் கண்டுபிடித்துவிடலாம். மோர் குடும்பத்துக் காகிதம் இன்னொன்றையும் கேட்கச் சொல்கிறது: இதை எழுதியவர் யார், யாருக்கு எதிராக எழுதினார்? கேத்தரின் விடாமல் வழக்குப் போட்டதால்தான் சாமுவேல் பதில் எழுத வேண்டி வந்தது. அந்தப் பதில் இல்லாவிட்டால், நான்கு பேரும் லண்டன் தெரு அநாதைகளாகவே இன்றும் கருதப்பட்டிருப்பார்கள். நீதிமன்றத்தில் தோற்ற தாய், தன் பிள்ளைகளின் பூர்வீகத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.